கைபேசியில் வந்த சித்திரக்கதைகள் புத்தகமானபோது: திருகோணமலையிலிருந்து, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ஒரு சிறு குழு. திருகோணமலை நகரம், கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம் என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்ட குட்டிச் சித்திரக்கதைகளைத் தேடி எடுத்து ஒரு தொகுப்பாக அச்சிட்டோம். அது வெளிவந்த நாளிலிருந்து வட்ஸ்அப்பிலும் நேரிலும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே கேள்விக்குப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகப் பதில் எழுதியதால், இப்போது எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கிறோம். அடுத்த தொகுப்புக்குக் கதை அனுப்ப நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

சித்திரக்கதைத் தொகுப்பு என்றால் என்ன? காமிக்ஸ் என்றால் ஒரு நாயகன் வரும் நீளக் கதைதானே?

நம்மில் பலர் அப்படித்தான் பழகியிருக்கிறோம். 1972 இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984 இல் லயன் காமிக்ஸ் வந்தது. அந்தப் புத்தகங்கள் கடல் தாண்டி இங்கேயும் வந்து, கைமாறிக் கைமாறி, அட்டை போன பிறகும் வாசிக்கப்பட்டன. அதனால் ஒரு புத்தகம், ஒரு நாயகன், ஒரு சாகசம் என்பதே காமிக்ஸ் என்று மனதில் பதிந்துவிட்டது.

தொகுப்பு என்பது பலர் வரைந்த சின்னச் சின்னக் கதைகள் ஒரே அட்டைக்குள் வருவது. சிறுகதைத் தொகுதியை நினைத்துக்கொள்ளுங்கள், அதுவே படத்தில். எங்கள் தொகுப்பில் ஒரு கதை மூன்றே பக்கம், இன்னொன்று பதினான்கு பக்கம். ஒன்று பேய்க்கதை, ஒன்று அம்மாவும் மகளும் சோறு சமைக்கிற கதை, ஒன்றில் சொல்லே கிடையாது. தூரிகைக் கோடும் இருக்கும், விரலால் கைபேசியில் இழுத்த கோடும் இருக்கும்.

இணையத்தில் சும்மா கிடைக்கிறதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

நியாயமான கேள்வி. ஒரு கதையை மட்டும் வாசிக்க விரும்பினால் வாங்கத் தேவையில்லை. அந்தக் கதைகளைக் கழற்றச் சொல்லி நாங்கள் யாரையும் கேட்கவில்லை. போட்ட இடத்திலேயே இருக்கின்றன, வாசியுங்கள்.

ஆனால் போய்த் தேடிப் பாருங்கள். தொகுப்புக்காகத் தேடத் தொடங்கியபோது நாங்கள் கண்டது இதுதான்: நன்றாக நினைவிருந்த கதைகளில் பல கிடைக்கவேயில்லை. ஒருவர் கணக்கை மூடிவிட்டார். ஒருவருடைய கைபேசி கடலில் விழுந்து, கடவுச்சொல்லும் அதோடு போய், இப்போது அவருடைய கதை இருக்கிறது ஆனால் அவராலேயே அதைத் திறக்க முடியாது. இன்னொருவர் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் மறைந்துபோகிற ஸ்டோரியாகப் போட்டிருந்தார். அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருந்த தோழி ஒருத்தியால்தான் கதை தப்பியது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஊரே பகிர்ந்த கதை, இன்று முந்நூறு பதிவுகளுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது.

அப்புறம், டேட்டா இல்லாத வாசகர்கள் இருக்கிறார்கள். தன் பேத்தி வரைந்ததை முதல்முறை புத்தகத்தில்தான் பார்த்த ஒரு அம்மம்மாவை எங்களுக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு நிமிடம் என்று எடுத்து, விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. கைபேசியில் அப்படித் தொட்டிருந்தால் படம் நகர்ந்திருக்கும்.

எல்லாக் கதையும் திருகோணமலையைப் பற்றியதா?

இல்லை. இங்கேயிருந்து வரைந்தவை, அவ்வளவுதான் நிபந்தனை. கோணேசர் கோயிலும் சுவாமிப் பாறையும் வந்தால்தான் எங்கள் ஊர்க் கதை என்று சிலர் நினைக்கிறார்கள். அடுத்த தொகுப்புக்கு வருகிற கதைகளில் அரைவாசி கோட்டை வாசலில்தான் தொடங்குகிறது. தயவுசெய்து உங்கள் வீட்டுக் குசினியில் தொடங்குங்கள்.

ஆனாலும் ஊர் தானாக வந்துவிடுகிறது. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றுக்குள் நூறு வருடம் கழித்து ஒரு குடும்பம் வாழ்கிறது என்று ஒருவர் விஞ்ஞானக் கதை எழுதினார். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டதை அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பாட்டி தாலாட்டாகச் சொல்கிறா. வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போன விசயம், துருப்பிடித்த வட்டச் சுவரில் நிழல் நிழலாக விமானங்கள் போகிற அந்த ஒரு பக்கத்தில் எனக்கு முதல்முறை பயமாக இருந்தது.

கதைகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? அதிகம் லைக் விழுந்தவையா?

லைக் கணக்கைப் பார்க்கவேயில்லை. உண்மையில், மிகப் பிரபலமான இரண்டு கதைகளை விட்டுவிட்டோம். அவை அந்தந்த வாரத்துச் சம்பவத்தை வைத்து வந்த பகிடிகள். அந்த வாரம் நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது வாசித்தால் சம்பவத்தை விளக்க ஒரு பக்கம் தேவைப்படுகிறது.

நாங்கள் பார்த்தது ஒன்றை: இரண்டாம் தரம் வாசித்தால் புதிதாக ஏதும் தெரிகிறதா? வரைந்த கை தேர்ந்ததா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான். தொகுப்பில் ஒரு கதையில் ஆட்களின் கைகள் எல்லாம் கையுறை போட்ட மாதிரி இருக்கும். வரைந்தவருக்கே தெரியும். ஆனால் அந்தக் கதையில் அப்பா, வெளிநாடு போகிற மகனை இரவு மெயில் ரயிலில் ஏற்றிவிட்டு, மேடையில் நின்றபடி வெறும் சாப்பாட்டுப் பையை மடித்து மடித்துச் சின்னதாக்கிச் சட்டைப் பையில் வைக்கிற ஆறு கட்டங்கள் உண்டு. கை எப்படி இருந்தால் என்ன!

கதைகளை அடுக்கிய வரிசைக்கு ஏதும் காரணம் உண்டா?

இந்தக் கேள்வியை ஒரே ஒருவர்தான் கேட்டார். ஆனால் நான் மிக விரும்பிப் பதில் சொல்கிற கேள்வி இதுதான், ஏனென்றால் தொகுப்பாசிரியரின் வேலையே இதுதான். இணையத்தில் ஒரு கதைக்கு அடுத்து என்ன வரும் என்பதை அல்கோரிதம் தீர்மானிக்கிறது. ஒரு துக்கக் கதை முடிந்த மறு விநாடி சவர்க்கார விளம்பரம் வரும். புத்தகத்தில் அந்த இடம் நம் கையில் இருக்கிறது.

ஒரு உதாரணம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளை ஒருத்தி, அம்மா சொல்லக் கேட்டதை எட்டுப் பக்கத்தில் வரைந்திருந்தாள். அலையே அதில் வராது. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக் கறை, அதற்கு மேல் பூசிய சுண்ணாம்பு, அதையும் மீறி ஒவ்வொரு மாரிக்கும் தெரிகிற அதே கறை, அவ்வளவுதான். கடைசிக் கட்டத்தில் அந்தப் பிள்ளை சுவரில் முதுகு வைத்து நின்று தன் உயரத்தை அளக்கிறாள். கறை இன்னும் தலைக்கு மேலே இருக்கிறது.

முதல் வரைவில் இதற்கு அடுத்து மான் கதையை வைத்தோம். நகரத்துக்குள் மான் திரிகிறது உங்களுக்குத் தெரிந்ததுதான். அது ஒரு மரக்கறிக் கடைக்குள் புகுகிற கலகலப்பான கதை. துக்கத்துக்குப் பிறகு கொஞ்சம் இலேசாக இருக்கட்டும் என்று நினைத்தோம். மாதிரிப் பிரதியை வாசித்த பக்கத்து வீட்டு அக்கா அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். "இந்த மானை இப்ப என்னால பார்க்கேலாது தம்பி, கொஞ்சம் பொறுங்கோ" என்றார்.

அந்தக் 'கொஞ்சம் பொறுங்கோ' என்பதைப் புத்தகத்துக்குள்ளேயே எப்படிக் கொண்டுவருவது? தொகுப்பின் பின்பகுதியில் சொல்லில்லாத கதை ஒன்று இருந்தது. கரைவலை இழுக்கிறார்கள், மூன்றே பக்கம். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டின் தாளத்தை வரைந்தவர் கட்டங்களின் அகலத்திலேயே காட்டியிருந்தார்: அகலம், ஒடுக்கம், ஒடுக்கம், அகலம். அதை எடுத்து நடுவில் வைத்தோம். அதே கடல்தான், ஆனால் இப்போது ஆட்கள் அதிலிருந்து மீனை இழுத்தெடுக்கிறார்கள். அதற்குப் பிறகு மான் வந்தது. அக்காவிடம் திரும்பக் கொடுத்தோம். கடைசிவரை வாசித்தார்.

இன்னொரு சங்கதி. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் தொகுப்புகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. எதற்காக என்றால், தெரிவுக்கும் ஒழுங்கமைப்புக்கும். அதாவது சட்டமே அடுக்கி வைப்பதை ஒரு படைப்பு வேலையாக ஏற்றுக்கொள்கிறது. அதைப் படித்த அன்றைக்கு எனக்குப் பெரிய சந்தோசம்.

வசனத்தில் பேச்சுத் தமிழை ஏன் திருத்தவில்லை? வெளியூர் ஆட்களுக்கு விளங்குமா?

கிண்ணியாவிலிருந்து ஒரு கதை வந்தது. அப்பப்பா 'பாதை' ஓட்டியவர். பாதை என்றால் இங்கே ஆட்களையும் வண்டிகளையும் ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோகிற மிதவை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அதுதான் வழி. "பாதை போயிட்டு" என்று பொடியன் கத்துகிற வசனத்தைப் பார்த்த சென்னை நண்பர் ஒருவர், 'பாதை எப்படிப் போகும்? வழி தவறிவிட்டானா?' என்று கேட்டார். அடிக்குறிப்புப் போடலாமா என்று யோசித்தோம். பிறகு பக்கத்தைத் திரும்பப் பார்த்தோம். அந்த வசனம் இருக்கிற கட்டத்துக்கு அடுத்த கட்டத்திலேயே மிதவை சைக்கிள்களோடும் ஒரு மாட்டோடும் நடு ஆற்றில் போய்க்கொண்டிருக்கிறது. நண்பர் வசனத்தில் தடக்குப்பட்டுப் படத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். படத்தைக் காட்டினோம், "ஓ" என்றார். குறிப்புப் போடவில்லை.

சித்திரக்கதைக்கு இருக்கிற பெரிய வசதி இது. எழுத்தில் மட்டும் வரும் கதைக்கு ஊர்ச் சொல் ஒரு சுமையாகிவிடலாம்; படம் பக்கத்தில் இருக்கும்போது அகராதியும் கூடவே வருகிறது. அதனால்தான் யாருடைய பேச்சையும் பொதுத்தமிழாக்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

இதைக் கற்றுக்கொள்ள ஒரு பிழையும் விட்டோம். அதே கதையின் முதல் அச்சுப்படியில் எங்கள் குழுவில் ஒருவர், ஒரே மாதிரி இருக்கட்டும் என்று நினைத்து 'வாப்பா' என்பதை எல்லாம் 'அப்பா' என்று மாற்றிவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கதை வரைந்தவர் அச்சுப்படியைத் திருப்பி அனுப்பி ஒரே வரி எழுதியிருந்தார்: "இது ஆர்ட வீடு?" வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து எழுத்துப்பிழை தவிர வசனத்தில் ஒரு எழுத்துக்கூட வரைந்தவரைக் கேட்காமல் மாற்றுவதில்லை.

கைபேசிக்கு வரைந்த கதையை அச்சுக்கு மாற்றுவது கடினமா?

கடினம்தான். அனுப்புகிறவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசிக்கவும்.

முதலில் அளவு. இன்ஸ்டாகிராமுக்கென்று பலரும் வரைவது 1080 படப்புள்ளி அகலத்தில். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 1080 ஐ 300 ஆல் பிரித்தால் 3.6 அங்குலம், அதாவது ஒன்பது சென்ரிமீற்றர் சொச்சம். எங்கள் புத்தகம் ஏ5, அகலம் 14.8 சென்ரிமீற்றர். ஓரங்களை விட்டால் படத்துக்கு 12.4 சென்ரிமீற்றர் வரும், அதற்கு ஏறத்தாழ 1465 புள்ளி தேவை. ஆகவே 1080 இல் வரைந்த படம் அச்சில் மங்கிப் பிசிறடிக்கும். இனி வரைகிறவர்கள் கோப்பைத் தொடங்கும்போதே 300 புள்ளிக் கணக்கில் ஏ5 அளவு எடுத்து, நான்கு பக்கமும் அச்சகத்தில் வெட்டியெறிகிற 3 மில்லிமீற்றர் வெட்டு ஓரம் விட்டுத் தொடங்குங்கள். அதாவது 1819 க்கு 2551. இணையத்தில் போடச் சுருக்குவது ஒரு நிமிட வேலை. பெருப்பிக்கவே முடியாது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்ப வேண்டாம், அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

இரண்டாவது பக்கம் புரட்டுவது. இன்ஸ்டாகிராமில் 2017 இலிருந்து ஒரு பதிவில் பத்துப் படம் போடலாம் என்று இருந்தது. 2024 இல்தான் இருபதாயிற்று. அதனால் எங்களுக்கு வந்த பழைய கதைகளில் பெரும்பாலானவை சரியாகப் பத்துக் கட்டம். கதைக்குத் தேவையான நீளத்தை யாரும் யோசிக்கவில்லை, பத்தில் முடிக்கப் பழகிவிட்டார்கள். விரலால் ஒதுக்க ஒதுக்க ஒவ்வொரு கட்டமும் ஒரு திறப்பு. புத்தகத்தில் இரண்டு பக்கமும் ஒரேயடியாகக் கண்ணில் படும். மறைத்து வைக்கக்கூடிய ஒரே இடம் வலப்பக்கத்துக்குப் பின்னால்தான்.

மான் கதையையே எடுங்கள். கைபேசியில் இப்படி இருந்தது: கடைக்காரர் பின்பக்கம் திரும்பித் தராசில் வெங்காயம் நிறுக்கிறார். வாசலில் ஒரு நிழல். "ஆ வாங்கோ, என்ன வேணும்?" என்கிறார், திரும்பாமலே. அடுத்த ஒதுக்கலில் திரை முழுக்க மானின் முகம், வாயில் கீரைப்பிடி. இதை அப்படியே ஏ5 பக்கத்தில் நான்கு நான்காக அடுக்கியபோது மான் அதே பக்கத்தின் அடியில் வந்துவிட்டது. நிழலைப் பார்க்க முன்னமே கண் மானைப் பார்த்துவிடுகிறது, கதை செத்துப்போயிற்று. வரைந்த தம்பியைக் கூப்பிட்டுக் கதைத்தோம். அவர் முன்னால் இரண்டு கட்டம் புதிதாக வரைந்தார்: வெங்காயத் தோல் விசிறிக் காற்றில் உருள்கிறது, தராசு முள் ஆடி ஆடி நிற்கிறது. இப்போது "என்ன வேணும்?" வலப்பக்கத்தின் கடைசிக் கட்டம். புரட்டினால் இடப்பக்கம் முழுக்க மான். அந்த இரண்டு கட்டத்துக்குப் பிறகு இணையத்தில் இருந்ததைவிடக் கதை நன்றாகிவிட்டது.

மேலிருந்து கீழாக உருட்டி வாசிக்கிற கதைகள் இன்னும் சிக்கல். திரைக்கு விளிம்பே இல்லை, எவ்வளவும் நீட்டலாம் என்பதை 2000 இலேயே அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் ஸ்கொட் மெக்கிளவுட் 'முடிவற்ற திரைச்சீலை' என்ற பெயரில் எழுதிவிட்டார். கொரியாவின் வெப்டூன்கள் அந்த வழியில்தான் வளர்ந்தன. அப்படி வந்த ஒரு கதையில் பையன் ஒருவன் கன்னியா வெந்நீரூற்றுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறான். உருட்ட உருட்ட ஆவி மட்டும் எழுகிறது. புத்தகத்தில் அதற்கு எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் வெறுமையாக விட்டு, அடியில் மட்டும் சின்னதாக அவன் முகத்தை வைத்தோம். காகிதம் வீண் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அந்த இரண்டு பக்கமும்தான் கதை.

எழுத்து ஏன் சில புத்தகங்களில் உடைந்து வருகிறது?

இரண்டு காரணம். முதலாவது பாமினி. இலங்கையில் இன்னும் நிறையப் பேர் தட்டச்சுச் செய்வது அதில்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வசனம் முழுக்க ஆங்கில எழுத்துகளாகிவிடும். ஆகவே யூனிகோடில் அனுப்புங்கள். இரண்டாவது, சில வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை நாமே இயக்க வேண்டும். இல்லாவிட்டால் 'கொ' வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். எங்களுடைய ஒரு கதை அச்சகத்தில் அப்படித்தான் பதினாறு பக்கத் தாளில் அடிபட்டுவிட்டது. தாள் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. இப்போது வசனத்தை எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றித்தான் கொடுக்கிறோம்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காவிவனார் மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. காவிவனார் கையெழுத்துப் போலச் சற்றுச் சாய்ந்து வரும், சிறுவர் கதைக்கு நல்லது. ஆனால் முடிந்தவர்கள் கையாலேயே எழுதுங்கள். தமிழ்ச் சொல் நீளம். 'போய்க்கொண்டிருக்கிறார்களாம்' என்பதை வட்டக் குமிழுக்குள் அடைக்க எந்த எழுத்துருவாலும் முடியாது. கையால் எழுதுகிறவர் குமிழையே அதற்கு ஏற்ற மாதிரி அகலமாக்குவார். முதலில் வசனத்தை எழுதி, பிறகு அதைச் சுற்றிக் குமிழைப் போடுங்கள். ஆங்கிலத்தில் மாதிரிப் பெரிய எழுத்தும் நமக்கில்லை, கத்துவதற்குக் கோட்டைத் தடிப்பாக்கத்தான் வேண்டும்.

ஏன் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை?

செலவு. அதோடு கடல். திரையில் தெரிகிற உட்துறைமுகத்து நீலம் ஒளியால் ஆனது; அச்சில் நான்கு மைகளைக் கலந்து அந்த நீலத்தைக் கொண்டுவர முடியாது. மாதிரி அடித்துப் பார்த்தோம், கடல் சாம்பல் பூசிக்கொண்டு வந்தது. வரைந்தவர் அதைப் பார்த்து ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு அவரே அதைக் கறுப்பு மையில் திரும்ப வரைந்து தந்தார், அலைகளை வெள்ளையாக விட்டு.

ஒரு கதை மட்டும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். 2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் வரைந்தது. பக்கம் முழுக்க இருட்டு, கைபேசித் திரைகளின் சதுரம் மட்டும் கட்டங்கள். அந்த வருடம் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். புத்தகம் போடுகிற பேச்சே அப்போது எடுபடவில்லை. எங்கள் வேலை பிந்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் கொப்பியில் நீலப் பேனையால் வரைகிறேன். அனுப்பலாமா?

தாராளமாக. கொப்பியின் கோடு தெரிந்தாலும் பரவாயில்லை. பகல் வெளிச்சத்தில் படமெடுக்காமல், தொடர்பாடல் நிலையம் ஒன்றில் 600 புள்ளியில் ஸ்கான் செய்து அனுப்புங்கள்.

கதையின் உரிமை யாருக்கு? பிறகு நான் வேறெங்காவது போடலாமா?

உங்களுக்குத்தான். பதிவு செய்யாமலே, வரைந்த கணத்திலிருந்து பதிப்புரிமை வரைந்தவருடையது. வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும். இணையத்தில் போட்டதால் அது பொதுச்சொத்து ஆகாது. நாங்கள் கேட்பது ஒரு பதிப்பில் அச்சிடுகிற அனுமதியை மட்டும். மறுபதிப்பென்றால் திரும்பக் கேட்போம். வேறொருவர் சொன்ன கதையை நீங்கள் வரைந்திருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும். அம்மா சொன்ன கதையென்றாலும் அம்மாவைக் கேளுங்கள். சுவர்க்கறைக் கதையில் அம்மா ஒரு கட்டத்தை எடுக்கச் சொன்னா, எடுத்தோம்.

காசு கிடைக்குமா?

பக்கக் கணக்கில் ஒரு சிறு தொகையும் ஐந்து பிரதிகளும். புத்தகம் விற்க முன்னரே கொடுத்தோம். தொகை பெரிதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'பெயர் வரும், பிரபலமாகலாம்' என்று சொல்லி யாரிடமும் வேலை வாங்கக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறோம்.

செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்களை ஏற்பீர்களா?

இல்லை. இந்தத் தொகுப்பு ஆட்களின் கைகளைச் சேர்த்து வைக்கிற இடம்.

இப்படி வேறெங்கும் நடந்திருக்கிறதா, அல்லது நீங்கள்தான் முதலா?

முதல் என்று சொல்லவே மாட்டோம். சித்திரமும் பகிடியும் ஈழத்துக்குப் புதிதில்லை. 1960களில் தொடங்கிய சிரித்திரன் நகைச்சுவை இதழில் சவாரித்தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளிநாட்டில், இணையத்தில் வரைந்து ஒருவரையொருவர் அறிந்துகொண்ட இளையவர்கள் சேர்ந்து 2004 இல் 'ஃப்ளைட்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். காசு கிபுய்ஷி தொகுத்தது, 2011 வரை எட்டுத் தொகுதி வந்தது. கனடாவின் எமிலி கெரோல் 2010 இல் இணையத்தில் போட்ட ஒரு திகில் கதை, 2014 இல் வேறு நான்கு கதைகளோடு புத்தகமாயிற்று. அதை இரண்டு வடிவிலும் வாசித்துப் பாருங்கள். உருட்டுவதை எப்படிப் புரட்டுவதாக மாற்றலாம் என்பதற்கு நாங்கள் படித்த பாடம் அதுதான்.

பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

பத்து வயதுக்கு மேல் பரவாயில்லை. பேய்க்கதையை நீங்கள் முதலில் வாசித்துவிடுங்கள். ரியூசன் முடிந்து தனியாக வருகிற பிள்ளையென்றால் கொஞ்ச நாள் பொறுத்துக் கொடுக்கலாம்.

சிங்களத்தில் வருமா?

வர வேண்டும் என்று ஆசை. இந்த ஊரில் அடுத்த வீட்டுக்காரர் வாசிக்க முடியாத புத்தகமாக இது இருப்பது மனதுக்குக் குறையாகத்தான் இருக்கிறது. சொல்லில்லாத கரைவலைக் கதையை மட்டும் தனித்தாளாக அடித்துக் கடற்கரையில் கொடுத்தோம். அதை வாங்கிய மீனவர் ஒருவர் இரண்டாம் பக்கத்தில் விரல் வைத்து, கயிறு பிடிக்கிற கை மாறி இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லி, தன் கையால் பிடித்துக் காட்டினார். அடுத்த பதிப்பில் திருத்துகிறோம்.

முதல்முறை வரையப் போகிறேன். எத்தனை பக்கம்?

நான்கு. ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் வரும். முன்பக்கத்தில் தொடங்குங்கள், உள்ளே இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பார்வையில் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள், கடைசிப் பக்கம் மறைந்திருக்கும். பென்சிலால் கட்டம் மட்டும் போட்டு, குச்சி மனிதர்களை வைத்து, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துப் புரட்டச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நிற்கிறார், எங்கே வேகமாகப் புரட்டுகிறார் என்று பார்த்துவிட்டு அதன்பிறகு நல்ல தாளை எடுங்கள். மடித்த அந்தப் பென்சில் தாளையும் கதையோடு சேர்த்து அனுப்பினால் எங்களுக்கு நல்ல சந்தோசம்.